சாமி சேவலும் சமோவாத் தலைவரும்

மலேசிய அரசில் நான் வேலை பார்த்த விருந்தினர் பிரிவின் கையேடு இப்படிச் சொல்கிறது: அரசு விருந்தினரின் வாகன வரிசை, நிகழ்ச்சி நிரலில் குறிக்கப்படாத எந்த இடத்திலும் நிற்கக் கூடாது. குறுக்கே வருவது கால்நடையாக இருப்பின் பயணம் தொடர வேண்டும். உரிமையாளர் பின்னர் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துடன், அந்தக் கால்நடை உயிரோடு இருந்தபோது எடுத்த புகைப்படம் ஒன்றை இணைக்க வேண்டும்.

கடைசி வரியை எழுதியவன் நானில்லை. ஆனால் மறுபதிப்புக்கு அதைப் பிழை திருத்தியவன் நான்தான். அப்போது ஒருமுறைகூடச் சிரிப்பு வரவில்லை. வேலையில் இருக்கும்போது வராது. ஓய்வுபெற்ற பிறகு வருகிறது, பெரும்பாலும் பல் தேய்க்கும்போது.

சென்ற வார இதழைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "இத்தனை பெரிய மனிதர்களுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவரையாவது மதித்தீர்களா?"

ஒருவரை மதித்தேன். அவர் கைலி கட்டிக்கொண்டு வந்தார்.

சிரம்பானுக்கு வெளியே, ஏழாங்கட்டைத் தோட்டத்துச் செம்மண் சாலை அது. இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள், நடுவில் எங்கள் கார், பின்னால் ஒரு வேன். காரை ஓட்டியவன் குணா, சிரம்பானில் தெமியாங் பக்கத்துக்காரன். பக்கத்தில் நான். பின் இருக்கையில் விருந்தினர். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் தெரியாமலிருக்க வேலியோடு வரவேற்புப் பதாகைகளைக் கட்டச் சொல்லியிருந்தோம். பதாகைக்கு அடியில் அரை அடி இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியின் வழியாகத்தான் அது வந்தது.

டொப்பென்று ஒரு சத்தம். முன் கண்ணாடியில் ஒரு சிவப்பு இறகு ஒட்டிக்கொண்டது. குணா வைப்பரைப் போட்டான். இறகு போகவில்லை, வைப்பரோடு சேர்ந்து இடமும் வலமும் போய் வந்தது.

"என்ன அது?" என்றார் விருந்தினர்.

"கோழி, சார்."

"யாருடைய கோழி?"

என் வேலைக் காலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களோடு காரில் போயிருக்கிறேன். எத்தனையோ கோழிகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. 'யாருடையது' என்று யாரும் கேட்டதில்லை. கையேட்டிலும் அதற்குப் பதில் இல்லை. ஆகவே நான் சாப்பாட்டு நேரத்தைச் சொன்னேன்.

கைலி கட்டிய தலைவர்

அவர் சமோவா நாட்டுக்காரர். குலத் தலைவர், அவர்கள் மொழியில் மத்தாய். சில காலம் அந்த நாட்டையே நடத்தியவர். நான் பார்த்தபோது பதவியிலிருந்து இறங்கியிருந்தார். ஆனால் குலத் தலைவர் பதவியிலிருந்து தேர்தலில் தோற்று இறங்க முடியாதாம்.

பெயரை எழுத மாட்டேன். ரகசியம் ஒன்றுமில்லை. அது பெயரல்ல, பட்டம். இப்போது அது வேறொருவரிடம் இருக்கிறது. அதனால் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மரபுத் தலைவர்கள் பற்றிய ஒரு கருத்தரங்குக்குச் சிரம்பான் வந்திருந்தார். சிரம்பான் இருக்கும் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தலைவர்களைக் குலப் பெரியவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா? தன் ஊரைப் போலவே இங்கும் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். இடையில் ஒரு செம்பனைத் தோட்டம், ஒரு எண்ணெய் ஆலை. விருந்தினர் யாராக இருந்தாலும் எண்ணெய் ஆலையைக் காட்டிவிடுவது எங்கள் வழக்கம்.

ஆறடிக்கு மேல் உயரம். அதற்கேற்ற அகலம். மேலே கோட்டும் டையும், கீழே வேட்டி மாதிரி ஒரு கறுப்பு உடுப்பு, அதில் இரண்டு பைகள், காலில் செருப்பு. விருந்து அழைப்பிதழில் 'முழு சூட்' என்று அச்சடித்திருந்தோம். வாசலில் ஒரு இளம் அதிகாரி தயங்கினார். "மேல் பாதி உங்களுடையது, கீழ்ப் பாதி என்னுடையது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாளும் நான் அவருக்குத் துணை அதிகாரி. கார் ஓடும் நேரத்தில் தன் கதையைச் சொல்வார். பெருமைக்காக அல்ல, நான் வழியில் உள்ள கட்டடங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்துவதற்காக என்று இப்போது தோன்றுகிறது.

சுவரே இல்லாத வீட்டில் பிறந்தவர். கூரை, சுற்றிலும் தூண்கள், அவ்வளவுதான். அப்பா தென்னந்தோப்புக்காரர். நியூசிலாந்துக்குப் படிக்கப் போய்த் திரும்பி, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பெரியப்பா இறந்ததும் குடும்பப் பட்டம் யாருக்கு என்று உறவினர் கூடிப் பேசினார்கள். பேச்சு ஒரு மழைக்காலம் முழுவதும் நடந்தது. ஒரு சித்தப்பா நீதிமன்றம் வரை போனார். கடைசியில் இவருக்குக் கொடுத்தார்கள். காரணம் அறிவல்ல. "நான் ஒருவன்தான் எல்லாக் கூட்டத்திலும் தூங்காமல் இருந்தேன்" என்றார்.

அதற்கு முன்பே இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்திக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் எலும்புச் சீப்பால் தட்டிக் குத்துவார்களாம். பாதியில் எழுந்து ஓடினால் குடும்பத்துக்கே அவமானம். "பாதியில் ஓடலாம் என்று ஒருமுறை நினைத்தேன். பாராளுமன்றத்தில் பல முறை நினைத்தேன்."

நாட்டை நடத்திக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய பன்றி ஒன்று பக்கத்து வீட்டுக் கிழங்குத் தோட்டத்துக்குள் போய்விட்டது. கிராமத்துப் பெரியவர்கள் கூடி அவருக்கு அபராதம் போட்டார்கள்: பத்துப் பெட்டி டின் மீன். அன்று காலை ஒரு வெளிநாட்டுத் தூதரைச் சந்தித்துவிட்டு, மாலையில் மீன் பெட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாராம்.

"பிரதமர் என்று சொல்லிப் பார்க்கவில்லையா, சார்?"

"பன்றியிடமா?"

தேர்தலில் தோற்ற அன்று ஊருக்குப் போனார். அதே மரியாதை, பாயில் அதே இடம். சின்னம்மா மட்டும், இனிமேல் நேரம் இருக்குமே என்று பன்றித் தொட்டியைக் கழுவச் சொன்னார். கழுவியிருக்கிறார்.

சேவலின் வாழ்க்கைக் குறிப்பு

எண்ணெய் ஆலையில் தேநீர் கொடுத்தார்கள். கோப்பையை வாங்கியவர் குடிக்காமல் மறுபடியும் கேட்டார்: "யாருடைய கோழி?"

வேறு வழியில்லை. குணாவை ஒரு மோட்டாரில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். முகம் சரியில்லை.

"சார், மாட்டிக்கிட்டோம்லா. அது சாதாக் கோழி இல்ல. முனியாண்டிக்கு நேந்து விட்ட சேவல். அந்தம்மா நடு ரோட்டுல நின்னு மண்ணை வாரித் தூத்துது. வெள்ளைச் சட்டைக்காரன் வெளங்க மாட்டான்னு ஏசுது."

"நம்ம வண்டியில எல்லாருமே வெள்ளைச் சட்டைதானேடா."

"அதான் சார், நான் பொதுவா எடுத்துக்கிட்டேன்."

குணா விசாரித்து வந்ததைச் சுருக்கித் தருகிறேன். பெண்மணியின் பெயர் அஞ்சலை. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்; ரப்பர் இருந்த காலத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்; தனியாக இருப்பவர். பிறந்தபோது யாரும் பதிவு செய்யவில்லை. அதனால் அவரிடம் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. பிறந்த நாட்டிலேயே வந்து தங்கியிருப்பவர் என்று அதற்கு அர்த்தம். தோட்டம் கைமாறப் போகிறது, லயத்தை இடிக்கப் போகிறார்கள், சுங்கை காடுட் பக்கம் அடுக்குமாடி வீடு கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வீட்டுப் பட்டியலில் பேர் ஏறக் குடிமக்களுக்கான நீலக் கார்டு வேண்டும்.

நீலக் கார்டுக்கு அவர் மனு போட்ட அன்றே முனியாண்டிக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டார். பதில் வந்ததும் சேவல் சாமிக்கு. அதுவரை அதை யாரும் தொடக் கூடாது.

பதில் வரவில்லை. முதல் சேவல் முதுமை எய்தி இயற்கையாக இறந்தது. தோட்டத்து வரலாற்றில் அப்படி இறந்த சேவல் அது ஒன்றுதான். இரண்டாவது சேவலை விட்டார். அதற்கும் வயதாகிக்கொண்டிருந்தது. அடுத்தவர் வீட்டு அரிசியைத் தின்னும், நாயைக் கொத்தும், சாமி சொத்து என்பதால் யாரும் கல்லை எடுக்க மாட்டார்கள். அடையாளக் கார்டு இலாகாவின் தாமதத்தால் பயனடைந்த உயிர் நாட்டில் வேறெதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அதைத்தான் நாங்கள் கொன்றிருந்தோம். பதில் வருவதற்கு முன் நேர்ந்த சேவல் அடிபட்டுச் செத்தால், பதில் வராது என்று சாமியே சொன்ன மாதிரி. அஞ்சலை மண்ணை வாரித் தூற்றியது கோழிக்காக அல்ல.

இதையெல்லாம் தலைவரிடம் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். முதல் சேவல் கதைக்கு அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஆக, கடவுளுக்குச் சொந்தமான ஒன்று, ஒரு அரசாங்கத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதை நாம் கொன்றுவிட்டு நிற்காமல் வந்துவிட்டோம்."

"விண்ணப்பப் படிவம் இருக்கிறது, சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கோபமில்லை. கணக்கு வாத்தியார் மக்குப் பையனைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

வாசலில் ஒரு பாய்

மறுநாள் காலை அவரை அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஏழரை மணிக்கே தயாராக நின்றார். தோளில் ஒரு பெரிய சுருள்.

"எனக்கு வயிறு சரியில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏழாங்கட்டைக்குப் போகலாம்."

எழுதினேன். ஒரு நாட்டின் முன்னாள் தலைவருக்குச் சிரம்பானில் வயிற்றுப்போக்கு என்று என் கையெழுத்தோடு ஒரு கோப்பு எங்கோ இருக்கிறது.

சுருள், அவர்கள் ஊர்ப் பாய். தாழை இலையை நூல் மாதிரிக் கிழித்து, பெண்கள் மாதக்கணக்கில் பின்னுவது. பட்டுத்துணி போல மடியும். கருத்தரங்கு ஏற்பாட்டாளர்களுக்கு அரசுமுறைப் பரிசாகக் கொடுக்கவென்று கொண்டுவந்தது. பரிசுப் பதிவேட்டில் நான் ஏற்கெனவே வரிசை எண் போட்டிருந்தேன்.

காரில் தன் அப்பாவின் கதையைச் சொன்னார். இவருக்கு இளவயது. அண்ணன் ஓட்டிய லாரி பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை மோதிவிட்டது. மறுநாள் விடியுமுன் அப்பா அந்த வீட்டின் முன்னால் போய் மண்டியிட்டு, தலைக்கு மேல் பாயைப் போர்த்திக்கொண்டார். பிள்ளைகள் விறகும் கல்லும் சுமந்துகொண்டு பின்னால் மண்டியிட்டார்கள். வேண்டுமானால் எங்களை அடுப்பில் வைத்துச் சமைத்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். இதற்கு இஃபோங்கா என்று பெயர். பாதிக்கப்பட்ட வீட்டார் வந்து பாயை எடுத்துவிட்டால் மன்னித்தார்கள். எடுக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். கல்லெறிந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"எவ்வளவு நேரம் இருந்தார்?"

"மதியம் வரை. நடுவில் என் கையிலிருந்த விறகு எறும்பு மொய்த்த விறகு என்று தெரிந்தது."

அப்புறம் எனக்கு ஒரு நிபந்தனை போட்டார். அந்த அம்மாளிடம் எதையும் விளக்கக் கூடாது. கெஞ்சக் கூடாது. மன்னிக்கும்படி யாரும் அவர்களைத் தள்ளக் கூடாது.

லயத்து வாசலில் கார் நின்றது. நேற்றைய பதாகை இன்னும் வேலியில் தொங்கியது. அந்தப் பெரிய மனிதர் இறங்கி, செருப்பைக் கழற்றி, செம்மண்ணில் மண்டியிட்டார். பாயை விரித்துத் தலையிலிருந்து முதுகு வரை மூடிக்கொண்டார். காலை வெயில் சுள்ளென்று இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, கையில் விதி இல்லாமல் நான் நின்ற முதல் இடம் அது. நானும் மண்டியிட வேண்டுமா? துணை அதிகாரி எத்தனை அடி பின்னால்? செருப்போடா, இல்லாமலா?

பக்கத்து வீட்டிலிருந்து வீரய்யா மண்டோர் எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் பால்மர வெட்டுக்காரர்களை மேய்த்தவர். இப்போது லயத்தில் நடப்பதையெல்லாம் மேய்ப்பவர்.

"என்னா சார், ஆள் போய்ட்டாரா?"

"இல்ல மண்டோர். இருக்காரு."

"பின்ன ஏன் மூடி வெச்சிருக்கீங்க?"

விளக்கக் கூடாது என்று நிபந்தனை.

அஞ்சலை பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சத்தம் கேட்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்தார். மெலிந்த உடம்பு, அறுபது வயதிருக்கும். வாசலில் பாயால் மூடிய ஒரு பெரிய உருவம். பக்கத்தில் நேற்றைய கார். தலைகுனிந்து நிற்கும் ஒரு வெள்ளைச் சட்டை.

நம் சனம் எதைத் தலையோடு மூடும் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அடப் பாவிங்களா! நேத்து சேவலை அடிச்சீங்க, இன்னிக்கு ஆளையே அடிச்சிட்டு என் வாசல்ல கொண்டாந்து போட்டீங்களாடா!"

ஓடி வந்து பாயை ஒரே இழுப்பில் இழுத்தார்.

உள்ளே வியர்வை வழிய ஒரு முகம். உயிரோடு. கண் கலங்கி இருந்தது.

"ஐயய்யோ, முழிக்குது!" என்றார் அஞ்சலை.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சொன்னார்: "மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பெருந்தன்மை கிடையாது."

நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது நிபந்தனை முடிந்துவிட்டது என்று எண்ணி, அஞ்சலையிடம் விளக்கினேன்: வந்தவர் யார், பாய் எதற்கு, அதை எடுத்தால் என்ன பொருள்.

"நான் மன்னிச்சேன்னு யாரு சொன்னா?"

"பாயை எடுத்தீங்களேம்மா."

"பொணம்னு நெனச்சு எடுத்தேன். பொணத்துக்கிட்ட யாராச்சும் சண்டை போடுவாங்களா?"

ஆனால் தலைவர் இன்னும் மண்டியிட்டபடியே இருப்பதை அஞ்சலை அப்போதுதான் கவனித்தார். குரல் இறங்கிவிட்டது. "எந்திரிக்கச் சொல்லுங்க சார். முட்டி தேஞ்சிடும். தேத்தண்ணி போடுறேன்."

நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

வீட்டுக்குள் சிமென்ட்டுத் தரையில் உட்கார்ந்தோம். நாற்காலி இருந்தது, தலைவர் மறுத்துவிட்டார். தன் ஊரில் பேச்சென்றால் தரையில்தானாம். கெட்டிப் பால் ஊற்றிய தேத்தண்ணியை மூன்று மடக்கில் குடித்தார். வீரய்யா மண்டோர் அழைக்காமலே வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"மந்திரியா இருந்தவரு கைலி கட்டிக்கிட்டு நம்ம வீட்டுத் தரையில ஒக்காந்திருக்காரு. நம்ம மந்திரிங்க பேன்டு போட்டுக்கிட்டு தூரமாவே நிக்குறாங்க. துணிதான் கோளாறு போல" என்றார் மண்டோர்.

அஞ்சலைக்கு ஒரு சந்தேகம். "ஓட்டுனது அந்தப் பையன் குணா. நிக்காதேன்னு சொன்னது நீங்க. இவரு பின்னால சும்மா ஒக்காந்திருந்தவரு. இவரு எதுக்கு மண்டி போடணும்?"

மொழிபெயர்த்தேன். அவர் பதில்: "காருக்குள் நான்தான் மூத்தவன்."

அஞ்சலை எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தார். மனு முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பிய சீட்டு. காரணம்: பிறந்ததற்குச் சாட்சி சொன்னவரின் சொந்தப் பிறந்த தேதியே ஐயத்துக்குரியது.

சாட்சி, வாசற்படியில் உட்கார்ந்திருந்த வீரய்யா மண்டோர். அவருடைய அடையாளக் கார்டில் வருடம் மட்டும் இருக்கும். நாளும் மாதமும் இருக்காது. அந்தக் கால ஆட்கள் பலருக்கு அப்படித்தான்.

"நான் பொறந்த அன்னிக்கு இவருதான் மருத்துவச்சியைக் கூட்டியாற ஓடுனாரு. அது செல்லாதுன்னுட்டாங்க. மறுபடி அதே மனுவைக் குடுத்தேன். அப்பறம் சத்தமே இல்ல" என்றார் அஞ்சலை.

சீட்டின் கீழே கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து வால் ஒன்று இடப்பக்கமாக வளைந்து, மேலே ஏறி நின்றது.

என் கையெழுத்து.

நடுவில் இரண்டு ஆண்டுகள் நான் அந்த இலாகாவுக்கு இரவலாகப் போயிருந்தேன். தவறு செய்யவில்லை. விதி என் பக்கம்தான் இருந்தது; எப்போதும் என் பக்கம்தான் இருக்கும். விதிவிலக்குக் கேட்டு மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். அதற்கும் விதி உண்டு. அன்று வெள்ளிக்கிழமை மாலையாக இருந்திருக்கும்.

அஞ்சலை சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு சேவலுக்கு இம்மாம் பெரிய மனுசன் மண்டி போடுறாரு. இந்தச் சீட்டுக்கு யாரும் மண்டி போடலையே."

"என்ன சொல்கிறார்?" என்றார் தலைவர்.

"இன்னும் சீனி வேண்டுமா என்று கேட்கிறார், சார்."

மூன்று நாளில், அவர் கேட்டும் நான் மொழிபெயர்க்காத வாக்கியம் அது ஒன்றுதான்.

ரசீது

தலைவர் பாயை அஞ்சலையிடமே விட்டுவிட்டு வந்தார். அரசுமுறைப் பரிசு போய்விட்டதால் நான் சிரம்பான் பாசாரில், உள்ளூர்த் தாழையில் முடைந்த ஒரு மெங்குவாங் பாய் வாங்கி அந்த வரிசை எண்ணை ஒட்டிக் கொடுத்தேன். அது இன்றும் ஒரு கண்ணாடிப் பேழையில் 'சமோவா நாட்டு நெசவு' என்ற அட்டையோடு இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவர் ஒரு இளம் செஞ்சேவலை வாங்கித் தந்தார். குணாவும் நானும் கொண்டுபோய் ஒப்படைத்தோம். 'சேவல் ஒன்று, உயிருடன், நல்ல நிலையில்' என்று இரண்டு பிரதியில் ரசீது எழுதி, நானும் கையெழுத்திட்டு அஞ்சலையிடமும் வாங்கினேன். குணா வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அஞ்சலை அந்தச் சேவலுக்கு 'சமோவா' என்று பெயர் வைத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடக் கடைசியிலும் தலைவரிடமிருந்து கடிதம் வரும். இரண்டே கேள்வி: சேவல் எப்படி? பதில் வந்ததா? நானும் ஏழாங்கட்டைக்குப் போய் விசாரித்துவிட்டு எழுதுவேன்: சேவல் நலம். பதில் இல்லை. போகும்போதெல்லாம் அஞ்சலை தேத்தண்ணி கொடுப்பார். பெரும்பாலும் சேவலைப் பற்றித்தான் பேச்சு.

நான் ஓய்வுபெற்றேன். மாலை, உரை, சுவர்க் கடிகாரம். அதற்கு அடுத்த மாதம் ஏழாங்கட்டைக்குப் போனபோது லயத்தில் பாதி இடிந்திருந்தது. பெயர் ஏறியவர்கள் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். கடைசி வரிசையில் அஞ்சலையும், பிள்ளைகள் கூப்பிட்டும் போகாத வீரய்யா மண்டோரும், சமோவாவும் மட்டும்.

அன்று சொல்லிவிட்டேன். "அஞ்சலையம்மா, உங்க மனுவைத் திருப்பி அனுப்பினது நான்தான்."

அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தெரியும்லா."

"எப்படி?"

"சேவலுக்கு ரசீது குடுத்தீங்களே. ரெண்டுலயும் ஒரே வாலு."

கிராணி குடும்பத்துப் பிள்ளை நான். எங்கள் அப்பாவும் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. ரசீது இல்லாமல் எங்கள் வீட்டில் பாயசம்கூடக் கைமாறாது. அந்தப் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இத்தனை வருசமா ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே வருவீங்கன்னு பாத்தேன். அப்பறம் யோசிச்சேன். பாயி என் பொட்டியில இருக்கு. பாவம், நீங்க எதைப் போத்திக்கிட்டு வருவீங்க?"

வெளியே மண்டோர் சத்தம் போட்டுச் சிரித்தார். அஞ்சலையும் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன். வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் மண்டியிட்டேன். மேல்முறையீடு எழுதினேன். தோட்டத் தமிழ்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல், வீரய்யாவின் புதிய சத்தியப் பிரமாணம், இன்ன பிரிவின் கீழ் விதிவிலக்கு என்ற வேண்டுகோள் எல்லாம் வைத்தேன். முதல் பத்தியில் இப்படி எழுதினேன்: "இம்மனுவை முன்னர் திருப்பி அனுப்பிய அதிகாரி, விதிவிலக்குக் கோரும் வழி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. கோப்பில் அவர் எழுதிய குறிப்பே பின்னர் வந்தவர்களையும் தடுத்திருக்கிறது. அந்த அதிகாரி நான்." இந்த மாதிரி ஒரு கடிதத்துக்குக் கையேட்டில் மாதிரிப் படிவம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அதே பெயரில் இன்னொருவர்

பதில் இல்லை. நேரில் போனேன். அந்தக் கோப்பைப் பார்த்த அதிகாரி மாற்றலாகிவிட்டார் என்றார்கள். அடுத்த முறை போனபோது மாற்றலாகி வந்தவரும் மாற்றலாகியிருந்தார்.

அந்த ஆண்டுக் கடைசியில் தலைவர் இறந்துவிட்டார். நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரி. இனிக் கேள்வி வராது என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. அதே பட்டப் பெயர், வேறு கையெழுத்து. அவருடைய தங்கை மகன். குடும்பம் கூடிப் பட்டத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறது. உடற்பயிற்சி ஆசிரியராம். கடிதம் இப்படித் தொடங்கியது: "உங்கள் தோட்டத்தில் நான் மண்டியிட்ட அந்த வீட்டு அம்மா நலமா? நான் கொடுத்த சேவல் எப்படி? பதில் வந்ததா?"

நான் மண்டியிட்ட. நான் கொடுத்த. அந்த ஆள் மலேசியாப் பக்கமே வந்ததில்லை.

எங்கள் பக்கம் ஆள் மாறினால் பொறுப்பு போய்விடும். மேசையும் நாற்காலியும் மட்டும் இருக்கும். அங்கே ஆள் போனாலும் மண்டியிட்ட முட்டி அப்படியே இருக்கிறது. கடிதத்தை அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன்.

"இவருக்கும் மூத்தவருன்னு நெனப்பு" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்தா தேத்தண்ணி உண்டுன்னு எழுதுங்க."

எழுதினேன். அடுத்த வருடமும் எழுதினேன்: சேவல் நலம், பதில் இல்லை. சமோவாவுக்கு நடை தளர்ந்துவிட்டது. முதல் சேவலின் வழியில்தான் இதுவும் போகும் என்று மண்டோர் சொன்னார்.

இந்த வருடம் ஒரு காலை, சிரம்பான் ரஹாங்கில் என் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி. அஞ்சலை. பின்னால் மண்டோர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"சார், சமோவாவுக்கு நாள் குறிச்சாச்சு."

"என்னம்மா சொல்றீங்க?"

"சூராட் வந்திருச்சுலா! நீலக் கார்டு எடுக்க வரச் சொல்லி. மண்டோரு மூணு தடவை படிச்சாரு. நீங்க வந்து ஒரு தடவை படிங்க, அப்பத்தான் நம்புவேன்." குரல் உடைந்து, மறுபடி நேரானது. "ஞாயித்துக்கெழமை சாமிக்கு. அடுக்குமாடியில சேவல் வளக்க விட மாட்டாங்களாம். மண்டோரு இப்பவே கத்தியைத் தீட்டுறாரு, வேணாம்யா பாக்குதுய்யான்னு சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு."

குணா இப்போது சொந்தமாக டாக்சி ஓட்டுகிறான். அவனையே கூப்பிட்டுக்கொண்டு போனேன். செம்மண் சாலையில் மெதுவாகவே ஓட்டினான். கடிதத்தைப் படித்தேன். உறையைப் படித்தேன். முத்திரையைப் படித்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் மேல்முறையீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுவும் ஒழுங்குதான்.

அங்கேயே, அஞ்சலை விரித்துப் போட்ட அந்தப் பாயில் உட்கார்ந்து, சமோவா நாட்டுக்கு ஆண்டு அறிக்கையை எழுதினேன். வருடக் கடைசி வரை காத்திருக்கவில்லை.

சேவல்: ஞாயிற்றுக்கிழமை வரை நலம்.

பதில்: வந்தது. ஆடி மாதம், முதல் செவ்வாய், காலை பத்தரை மணி.